வெயிலுக்கு ஒரு செட்டு மாத்திரை குடுங்க அண்ணாச்சி!

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சிட்டிருந்த மேட்டர் இது. பங்குனி பாதி தாண்டிட்டாலே எங்க ஊர்ப் பக்கம் மெடிக்கல் கடைகள்ல அடிக்கடி காதுல விழுற வசனம்: "அண்ணாச்சி, வெயில்ல நின்னு ஒடம்பு பூராம் எரியுது, அரிக்குது. ஒரு செட்டு மாத்திரை குடுங்க." ராஜபாளையமா இருந்தாலும் சரி, ஸ்ரீவில்லிபுத்தூரா இருந்தாலும் சரி, வசனம் ஒண்ணுதான். கடைக்காரரும் நாலு மாத்திரையை அட்டையிலேருந்து கத்திரிச்சு, ஒரு காகிதக் கவர்ல போட்டு, "காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டுட்டுப் போடுங்க"ன்னு குடுத்துருவார். சீட்டும் கிடையாது, பில்லும் கிடையாது, மாத்திரை பேரும் தெரியாது.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். வெயில் சுட்ட தோலுக்கு அந்தக் கவர்ல இருக்கிற எதுவும் பெருசா உதவாது. சிலது கெடுதலே பண்ணும். மாத்திரையால நிஜமாவே குணமாகிற நோய்கள் சிலது "வெயில் அலர்ஜி"ங்கிற பேர்ல ஒளிஞ்சிட்டிருக்கு, அதையும் இந்தக் கவர் மூடி மறைச்சிடும். எப்படின்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

(டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இதைப் படிச்சுட்டு யாரும் சாப்பிடுற மாத்திரையை நிறுத்த வேண்டாம். இது நிஜமாவே முக்கியம், கீழே காரணம் வருது.)

முதல்ல வெயில்

நம்ம ஊர்க்காரங்க வெயிலையும் சூட்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறோம். கத்திரி வெயில்தான் மோசம்னு நினைப்பு. அது சூட்டுக் கணக்கு. தோலைச் சுடறது புற ஊதாக் கதிர், அதோட கணக்கு வேற. சூரியன் எவ்வளவு உச்சியில நிக்குதுங்கிறதுதான் அதுல முக்கியம். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கிறது கிட்டத்தட்ட ஒன்பதரை பாகை வடக்கு அட்சரேகையில. சூரியன் இந்த ஊர்களுக்கு நேர் உச்சிக்கு வர்றது வருஷத்துல ரெண்டு தடவை. ஒண்ணு ஏப்ரல் 14 வாக்குல, அதாவது சித்திரை ஒண்ணு! இன்னொண்ணு ஆகஸ்ட் கடைசியில, ஆவணி மாசம்.

நடுவுல ஆடி வருது. ஆடிப்பூரத் தேர் இழுக்க வர்ற கூட்டத்தைப் பார்த்திருப்பீங்க. மலைப் பக்கமிருந்து காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும், லேசா மேகமும் இருக்கும், "இன்னிக்கு வெயிலே இல்லப்பா"ன்னு சொல்லிக்கிட்டு சட்டையில்லாம நிப்பாங்க. காத்து தோலைக் குளிர வைக்கும், ஆனா கதிரைத் தடுக்காது. லேசான மேகத்தைத் தாண்டியும் அதுல பெரும்பகுதி இறங்கிடும். சூரியனும் அப்போ உச்சியை விட்டு ரொம்பத் தள்ளிப் போயிருக்காது. ராத்திரி தோள்பட்டை எரியும்போதுதான் தெரியும்.

"நம்ம கறுப்புத் தோலுக்கு வெயில் ஒண்ணும் செய்யாது"ன்னு ஒரு வாதம் உண்டு. வெள்ளைக்காரனை விட நமக்குப் பாதுகாப்பு ஜாஸ்தின்றது உண்மைதான். அதுக்காக சுடவே சுடாதுன்னு இல்லை. நமக்கு செக்கச்செவேல்னு சிவக்காது, அதனால கண்ணுக்குத் தெரியறதில்லை. எரிச்சல், தொட்டா சூடு, தோல் இழுத்துப் பிடிக்கிறது, நாலு நாள்ல உரியறது, இதெல்லாம்தான் நமக்கு அடையாளம்.

இன்னொரு விஷயம். வெயில் சுட்டது உடனே தெரியாது. நாலஞ்சு மணி நேரம் கழிச்சு ஆரம்பிச்சு, 12லேருந்து 24 மணி நேரத்துக்குள்ள உச்சத்துக்குப் போகும். அதாவது நீங்க மெடிக்கல் கடை வாசல்ல நிக்கும்போது நடக்க வேண்டிய சேதம் ஏற்கனவே நடந்து முடிஞ்சிருக்கும். தோல் செல்லுக்குள்ள இருக்கிற மரபணுவில விழுந்த அடியை எந்த மாத்திரையும் திருப்பி எடுக்காது.

கவரைப் பிரிச்சுப் பார்ப்போம்

வழக்கமா ஒரு செட்டுல இருக்கிற ஆட்கள் இவங்கதான்.

பாராசிட்டமால்: வலியைக் குறைக்கும். தோலோட அழற்சியை இது பெருசா தொடாது. ஒழுங்கான அளவுல போட்டா ஆபத்தில்லாத ஆள். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க: வெயில்ல ஒருத்தர் மயங்கி, உடம்பு கொதிச்சு, உளற ஆரம்பிச்சா அது காய்ச்சல் இல்லை, வெப்பத் தாக்கு. அதுக்குப் பாராசிட்டமால் வேலை செய்யாது. நிழல்ல போட்டு, உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறி, 108க்கு போன் பண்ணணும்.

ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகள்: வெயில் சுட்ட தோல்ல புரோஸ்டாகிளான்டின்னு ஒரு சரக்கு ஊறும். சிவப்பு, எரிச்சல், வீக்கம் எல்லாத்திலயும் அதுக்குப் பங்கு உண்டு. இந்த மாத்திரைகள் அது ஊறுறதைக் குறைக்கும். அதனால முதல் நாளே போட்டா எரிச்சல் ஓரளவு குறையும். ஓரளவுதான். ஆனா யார் போடறாங்கன்னு பாருங்க. காலையிலேருந்து வெயில்ல நின்னு, சரியாத் தண்ணி குடிக்காம, ஒண்ணுக்குப் போக இடமில்லைன்னு இன்னும் கம்மியாக் குடிச்சு, உடம்புல நீர் வத்திப்போன ஆளு. அந்த நிலைமையில இந்த மாத்திரை சிறுநீரகத்துக்குப் போற ரத்தத்தைக் குறைச்சிடும். வெறும் வயித்துல போட்டா குடல் புண் தனி. டெங்கு சீசன்ல வர்ற காய்ச்சலுக்கு இதைப் போடறது ரத்தக்கசிவுல கொண்டு போய் விடலாம்.

செட்ரிசின்: அரிப்பு, தடிப்புக்கு நல்லது. வெயில் சுட்டதுக்கு சம்பந்தமில்லை. தூக்கம் வரும், வண்டி ஓட்டறவங்க கவனம்.

நாலாவதா ஒரு சின்ன மாத்திரை. இவர்தான் நம்ம கதாநாயகன், வில்லன் ரெண்டும். பீட்டாமெதாசோன், டெக்ஸாமெதாசோன், பிரெட்னிசோலோன்... ஏதோ ஒரு ஸ்டீராய்டு. "அண்ணாச்சி கடை மாத்திரைன்னா ஒரே நாள்ல கேட்கும்"னு பேர் வாங்கிக் குடுக்கிறது இதுதான். அரிப்பு போகும், வலி போகும், பசி நல்லா எடுக்கும், உடம்பு தெம்பா இருக்கிற மாதிரி இருக்கும். வேடிக்கை என்னன்னா, சாதாரண வெயில் சுடலுக்கு வாய்வழி ஸ்டீராய்டு குடுத்துப் பார்த்த ஆய்வுகள்ல சொல்லிக்கிற மாதிரி பலன் தெரியலை.

பலன் இல்லாட்டி போகுது, ஒரு தடவையோட நின்னா பரவாயில்லை. சித்திரையில ஒரு கவர், வைகாசியில ரெண்டு கவர்னு தொடர்ந்தா சர்க்கரை ஏறும், பிரஷர் ஏறும், எலும்பு தேயும், முகம் உப்பும், கண்ணுல புரை வரும். பல வாரம் சாப்பிட்டுட்டுத் திடீர்னு நிறுத்தினா உடம்பே சுருண்டுடும். ஏன்னா உள்ளே இயற்கையா சுரக்க வேண்டியது தூங்கிப் போயிருக்கும். இன்னொரு கூத்து: கோடையில வேர்வையால தொடையிடுக்குல, இடுப்புல வர்ற படர்தாமரையை நம்மாளுங்க "சூட்டுக்கொப்புளம்"னு நினைச்சு இதே கவரைத்தான் வாங்குறாங்க. ஸ்டீராய்டு போனதும் அரிப்பு அடங்கும், அடியில பூஞ்சை குஷியா படரும். இந்தியா முழுக்க தோல் டாக்டர்கள் தலையில கை வச்சு உட்கார்ந்திருக்கிற பிரச்சனை இது. 2018ல ஸ்டீராய்டு களிம்புகளை சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு மத்திய அரசு கொண்டு வந்ததுக்குக் காரணமும் இந்த மாதிரிக் கூத்துதான். மாத்திரைக்கு அந்த விதி அதுக்கும் முன்னாடியிலேருந்தே இருக்கு. விதி அட்டையில அச்சடிச்சிருக்கு. கத்திரிச்சு கவர்ல போட்டா அச்சடிச்சது யாருக்குத் தெரியப் போகுது?

வெயிலைக் கூப்பிடுற மாத்திரைகள்

இதுதான் நான் அதிகம் பேர் பேசிக் கேட்காத சமாச்சாரம். நாம சாதாரணமா சாப்பிடுற சில மாத்திரைகள் தோலை வெயிலுக்குப் பயந்தாங்கொள்ளி ஆக்கிடும். முன்னாடி ரெண்டு மணி நேரம் தாங்கின ஆளு அரை மணியில எரியுதும்பார்.

எலிக்காய்ச்சலுக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் முகப்பருவுக்கும் குடுக்கிற டாக்ஸிசைக்ளின். பிரஷருக்குக் குடுக்கிற ஹைட்ரோகுளோரோதயசைடு (இது தனியா மட்டும் இல்லை, பல கூட்டு மாத்திரைகள்லயும் ஒளிஞ்சிருக்கும்). இதயத் துடிப்புக்குக் குடுக்கிற அமியோடரோன். படர்தாமரைக்குக் குடுக்கிற கிரிசியோஃபுல்வின். மூட்டு வலிக்குக் குடுக்கிற பைராக்ஸிகாம். கடைசி ஆளைக் கவனிங்க, அவரும் வலி மாத்திரைதான். வெயில் எரிச்சலுக்குன்னு எடுக்கிற ஜாதியிலயே வெயிலைக் கூப்பிடுறவரும் இருக்கார் :-)

அதுக்காக பிரஷர் மாத்திரையை நாளைக்கே நிறுத்திடாதீங்க. பக்கவாதம் வந்து படுக்கிறதை விட தோல் எரியறது மேல். டாக்டர்கிட்ட "வெயில்ல நின்னா எரியுது, வேற மாத்திரை மாத்த முடியுமா"ன்னு கேளுங்க. மாத்து இருக்கு.

"நாங்க நாட்டு மருந்துதான் சாப்பிடுறோம்"னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு. கார்போக அரிசி தெரியுமில்லையா? நலங்கு மாவுல சேர்ப்பாங்க, வெண்புள்ளிக்கு சித்த மருத்துவத்துல குடுப்பாங்க. அதுல சோரலன்னு ஒரு பொருள் இருக்கு. அது தோல்ல இருக்கிறப்போ வெயில் பட்டா தோல் பல மடங்கு அதிகமா வினை புரியும். வெண்புள்ளியில நிறம் திரும்ப வரவைக்க அந்தக் குணத்தைத்தான் பயன்படுத்தினாங்க. 1974ல இதே தத்துவத்தை வச்சு சோரலன் மாத்திரை குடுத்து, அளந்து கதிர் காட்டி, சொரியாசிஸ் வைத்தியம் பண்ண ஆரம்பிச்சாங்க வெளிநாட்டுல. நம்ம முன்னோர் விஷயம் தெரிஞ்சவங்கதான், சந்தேகமில்லை. ஆனா மருந்தைத் தின்னுட்டு அளவு தெரியாம வயக்காட்டுல நின்னா கொப்புளம் நிச்சயம். எலுமிச்சம்பழத் தோலை முகத்துல தேய்ச்சுட்டு வெயில்ல போறவங்களுக்கும் இதே கதைதான். அதுலயும் அந்த வகைச் சரக்கு இருக்கு. வெளுக்கணும்னு தேய்ச்ச இடத்துல கறுப்புத் திட்டு விழும்.

மாத்திரை நிஜமாவே தேவைப்படற இடம்

"அப்போ மாத்திரையே வேண்டாங்கிறியா?"ன்னு கேட்பீங்க. அங்கேதான் வர்றேன். சில பேருக்கு மாத்திரைதான் வேணும், ஆனா கவர் மாத்திரை இல்லை.

குடிக்கு அடிமையான ஒருத்தர். சோறு சரியா இறங்கறதில்லை. வெயில் படுற புறங்கை, முன்னங்கை, கழுத்தைச் சுத்தி மாலை போட்ட மாதிரி தோல் கறுத்து, தடிச்சு, வெடிச்சிருக்கு. கூடவே வயித்துப்போக்கு, ஞாபக மறதி, சம்பந்தமில்லாத பேச்சு. வீட்டுல "வெயில்ல குடிச்சுட்டுக் கெடந்தா இப்படித்தான்"னு திட்டுவாங்க. அது பெல்லாக்ராவா இருக்கலாம். வைட்டமின் பி3 பற்றாக்குறை. சேலத்துல பிறந்த நம்ம சி. கோபாலன் (1918-2019), ஹைதராபாத் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்துல இருந்தப்போ, சோளமே பிரதான உணவா சாப்பிடுற தக்காணத்து மக்கள்கிட்ட இந்த நோயை ஆராய்ச்சி பண்ணி 1960ல லான்செட்ல எழுதினார். டிபிக்குக் குடுக்கிற ஐசோநியாசிட் மாத்திரையாலயும் இது வர்றதுண்டு (அதையும் தானா நிறுத்தக் கூடாது, டாக்டர்கிட்ட காட்டணும்). கவனிக்காம விட்டா உயிரே போகும். மருந்து என்ன தெரியுமா? நிகோட்டினமைடுன்னு விலை மலிவான ஒரு வைட்டமின் மாத்திரை. சில நாள்லயே ஆள் தேற ஆரம்பிப்பார்.

ரெண்டாவது, இளவயசுப் பொண்ணு. வெயில்ல போனா ரெண்டு கன்னத்துலயும் மூக்கு மேலயும் சிவந்து தடிக்குது, மூட்டு வலி, முடி கொட்டுது, அசதி. லூபஸா இருக்கலாம். இதுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்னு மாத்திரை இருக்கு, வருஷக்கணக்குல சாப்பிடணும், கண் பரிசோதனையோட. இவங்களுக்குக் கடை ஸ்டீராய்டு போச்சுன்னா தடிப்பு மறையும், உள்ளே சிறுநீரகம் கெட்டுக்கிட்டிருக்கிறது தெரியாமப் போயிடும்.

மூணாவது, அக்கி. உடம்போட ஒரு பக்கம் மட்டும் பட்டையா கொப்புளம், நெருப்பு மாதிரி எரிச்சல். சூட்டால வந்ததுன்னு சொல்லி வேளார் வீட்டுல காவி கரைச்சு அக்கி எழுதிக்கிறது நம்ம பக்கத்து வழக்கம். எழுதிக்கோங்க, நான் தடுக்கலை. ஆனா அது சின்ன வயசுல அம்மை போட்ட அதே வைரஸ் திரும்ப எழுந்து வர்றது. கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள்ள அசைக்ளோவிர் ஆரம்பிச்சா நல்லா கேட்கும். லேட்டாச்சுன்னா, அதுவும் வயசானவங்களுக்கு, புண் ஆறின பிறகும் மாசக்கணக்குல வலி நிக்கலாம். அதே நாள் ஆஸ்பத்திரிக்கும் போயிடுங்க.

இந்த மூணு பேரும் மெடிக்கல் கடையில சொல்றது ஒரே வசனம்தான்: "வெயில்ல ஒடம்பு எரியுது." மூணு பேருக்கும் கிடைக்கிறது ஒரே கவர். என் கோபமே இதுதான்.

வெளிநாட்டு வெயில் மாத்திரை

நெட்டுல "சன்ஸ்கிரீன் மாத்திரை"ன்னு விக்கிறாங்களே, அது? மத்திய அமெரிக்கப் பக்கத்து ஒரு பெரணிச் செடிச் சாறு, வைட்டமின்கள், இப்படிப் பல தினுசு. சின்னச் சின்ன ஆய்வுகள்ல கொஞ்சம் நம்பிக்கை இருக்கு, அவ்வளவுதான். 2018 மே மாசம் அமெரிக்க எஃப்.டி.ஏ. இந்த மாதிரி விக்கிற கம்பெனிகளை எச்சரிச்சு, களிம்புக்குப் பதிலா முழுங்கற மாத்திரை எதுவும் கிடையாதுன்னு அறிக்கை விட்டது.

மேலே சொன்ன நிகோட்டினமைடுக்கு மட்டும் ஒரு நல்ல சேதி உண்டு. 2015ல ஆஸ்திரேலியாவுல, ஏற்கனவே தோல் புற்றுநோய் வந்த 386 பேருக்கு, பாதிப் பேருக்கு தினம் ரெண்டு வேளை 500 மில்லிகிராம் குடுத்துப் பார்த்தாங்க. ஒரு வருஷத்துல புதுசா வர்ற மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய் 23 சதவீதம் குறைஞ்சது. அது வெள்ளைத் தோல்காரங்க, ஏற்கனவே நோய் வந்தவங்க. நம்ம ஊர் வயக்காட்டு எரிச்சலுக்கு இதைக் கொண்டு வந்து முடிச்சுப் போட முடியாது.

கவர் வாங்குறது யாரு?

யோசிச்சுப் பாருங்க. ஏசி ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கிற யாரும் இந்தச் செட்டு மாத்திரைக்கு வரிசையில நிக்கறதில்லை. கட்டட வேலை, ரோடு வேலை, களையெடுப்பு, மாந்தோப்பு. சத்திரப்பட்டிப் பக்கம் உலகத்துக்கே புண்ணு கட்டுற பேண்டேஜ் துணி தயாராகுது. அதை வெளுத்துக் காயப்போடறது வெயில்ல. அந்தத் துணியைக் காயப்போடறவங்க தோலுக்குக் கட்டுப் போட யாருமில்லை.

இவங்க ஏன் டாக்டர்கிட்ட போறதில்லைன்னு கேட்கிறது சுலபம். விருதுநகர்ல 2022லேருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு, நல்ல விஷயம். ஆனா இங்கேருந்து போய் வரிசையில நின்னு திரும்பினா ஒரு நாள் கூலி காலி. கவர் இருபது முப்பது ரூபா. கணக்குப் போட்டா அவங்க செய்யறது புரியுது. சன்ஸ்கிரீன் பூசச் சொல்லலாம்தான். முகம், கழுத்து, ரெண்டு கைக்கும் சரியான அளவுல, ரெண்டு மூணு மணிக்கு ஒரு தடவை பூசினா 50 மில்லி ட்யூப் ரெண்டு மூணு நாள்ல தீந்துடும். யார் வாங்கறது?

அதனால நான் கேட்கிறது நேரம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல, வருஷா வருஷம் கோடையில, மதியம் 12லேருந்து 3 வரைக்கும் வெட்டவெளியில வேலை வாங்கக் கூடாதுன்னு தொழிலாளர் துறை உத்தரவு போடுது. முன்னாடி பின்னாடி நேரத்தை மாத்தி வேலையை முடிக்கிறாங்க. அதே சூரியன், அதே மலை, இந்தப் பக்கம் நாம. தமிழ்நாடு 2024ல வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சது, செத்துப் போனா குடும்பத்துக்கு நிவாரணமும் உண்டு. சாகறதுக்கு முன்னாடி மூணு மணி நேரம் நிழல் குடுக்கிறது அதை விட மலிவு.

அதுவரைக்கும் நாமளே செய்யக்கூடியது உண்டு. நம்ம நிழல் நம்ம உயரத்தை விடக் குட்டையா இருந்தா கதிர் கடுமையா இருக்குன்னு அர்த்தம், மீட்டர் எதுவும் வேண்டாம். களையெடுக்கிற பெண்கள் சேலைக்கு மேல வீட்டுக்காரரோட முழுக்கை சட்டையைப் போட்டுக்கிறாங்களே, அதை யாரும் சிரிக்காதீங்க, பத்து மாத்திரைக்குச் சமம். அழுத்தமா நெய்த, கொஞ்சம் அடர் நிறத் துணி நல்லது. நனைஞ்ச மெல்லிசு வெள்ளைத் துணி கதிரை உள்ளே விட்டுரும். சுட்டுட்டா பச்சைத் தண்ணி, ஈரத்துணி, தேங்கா எண்ணெய்க்குப் பதிலா ஏதாவது சாதாரண மாய்ஸ்சரைசர், நிறையத் தண்ணி. கொப்புளத்தை உடைக்காதீங்க. பெரிய இடம் கொப்புளிச்சாலோ காய்ச்சல், வாந்தி வந்தாலோ ஆஸ்பத்திரி.

அண்ணாச்சிகளுக்கு ஒரே வேண்டுகோள்: கவர் மேல மாத்திரை பேரை எழுதிக் குடுங்க. பேரை எழுதணும்னா அந்தச் சின்ன மாத்திரையை உள்ளே போட உங்களுக்கே கை வராது.

பதிவர்கள்ல பாதிப் பேர் சென்னை, பெங்களூர், சிங்கப்பூர், அமெரிக்கான்னு இருக்கீங்க. ஊருக்குப் போன் பண்றப்போ மழை பெஞ்சுதா, கரண்ட் இருக்கான்னு கேட்கிறோமில்லையா, அதோட இதையும் கேளுங்க: "அப்பா, என்னென்ன மாத்திரை போடறீங்க? அட்டையைப் பார்த்துப் பேரை வாசிங்க." அட்டை இல்லை, கவர்தான் இருக்குன்னு பதில் வந்துச்சுன்னா, உடனே கொஞ்சம் விசாரிங்க.

உங்க ஊர்ல கவர் மாத்திரைக்கு என்ன பேருன்னும் சொல்லிட்டுப் போங்க மக்கா.